மீரா காக்கா பிடுங்காத காய்கள்

கல்முனைச் சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. இங்கிலாந்து இலக்கம். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று தெரியும். அதனால் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எடுத்தேன். அண்ணன் முறையில் நான் மீரா காக்கா என்று கூப்பிடும் மீராலெவ்வையின் மகள் சில்மியா அழவில்லை. "மாமா, வாப்பா மவுத்தாகிட்டாங்க. கல்முனைக்குடியில மாமிக்கு நீங்க நேர போய்ச் சொல்லுங்க. போன்ல சொல்ல எனக்கு ஏலாது" என்றாள். மீன்காரர் எடுக்கிறீர்களா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். நான் சைக்கிளை எடுத்தேன்.

கல்முனைக்குடியில் மீரா காக்காவின் ராத்தா, அவருடைய மூத்த சகோதரி, முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "இன்னாலில்லாஹி" என்று சொல்லி அப்படியே நிலத்தில் குந்தினார். மிளகாயைக் கையால் ஒதுக்கியபடி, "அவன் கடல் வந்த அண்டைக்கே மவுத்தாகிட்டான் மகன். இப்பதான் அடக்கப் போறாங்க" என்றார்.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதீர்கள். உடல் அங்கே, தொழுகை இங்கே. நான் பாண்டிருப்புக்காரன், சைவன். மதிலோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். உங்களில் யாரோ ஒருவர் எனக்குக் கதிரை கொண்டுவந்து தந்தார். நாற்பதாம் நாள் கத்தத்தில், அவருக்காக நீங்கள் கூடி ஓதும்போது, வாசிக்க அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி பிறகு ராத்தா கேட்டார். எழுதுகிறேன். ஆறுதலாக எதுவும் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது, யாராவது சொன்னால் கேட்கவும் பிடிக்காது.

ராத்தா சொன்னதில் எனக்கு அன்று கோபம்தான் வந்தது. கடலோடு செத்துப்போன மனிதன் குளிருக்குக் குளிர் ஒரு மரத்துக்குச் சாரன் கட்டிவிட்டுக்கொண்டு திரிவானா?

அவரை நான் சந்தித்தது வட இங்கிலாந்தில் ஒரு பாண் தொழிற்சாலையில். சுடச்சுட ஒரு தட்டத்தைக் காலில் போட்டுக்கொண்டு, அந்தத் தட்டத்தின் பரம்பரையையே இழுத்து நான் ஏசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு மாப் பிசைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "பாண்டிருப்பா, நீலாவணையா? இந்தத் தூசணம் அந்தப் பக்கத்துத்தான்" என்றார். ஊரில் அவருடைய வீட்டுக்கும் என்னுடைய வீட்டுக்கும் இடையில் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் தூரம். தமிழரும் முஸ்லிம்களும் முட்டிக்கொண்ட கெட்ட காலத்தில் அவர் எங்கள் றோட்டுக்கு வரமாட்டார், நான் அவர்கள் றோட்டுக்குப் போகமாட்டேன். ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடியே இருவரும் கிழவராகியிருப்போம்.

அவருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சுனாமி வந்த அந்தக் காலையில் அவர் சவளக்கடையில் வயல் பார்க்கப் போனார். கடைக்குட்டி சில்மியா தானும் வருவேன் என்று அழுததால் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வீடு இல்லை. மனைவி ஹாஜறாவும் இரண்டாவது மகன் றிஸ்னியும் உடல்களாகக் கிடைத்தார்கள். மூத்தவன் றிபாஸ் கிடைக்கவேயில்லை. பிறகு மச்சினன் ஒருவர் கூப்பிட, மகளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். போகும் ஊரைப் பற்றி அவர் கேட்ட ஒரேயொரு கேள்வி, அங்கே கடல் இருக்கிறதா என்பதுதானாம்.

மரத்தைத் தந்தது பக்கத்து வீட்டு டோரின் என்ற வெள்ளைக்காரக் கிழவி. தன் மரத்தில் வெட்டி வேர்விடவைத்த ஒரு தடியைச் சட்டியோடு நீட்டினாள். அது குர்ஆனில் வரும் தீன் மரம் என்று தெரிந்ததும் மீரா காக்கா வேலைத்தலத்துக்கு ஓடி வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, சின்னவயசில ஓதத் தொடங்கின நாள் தொட்டு 'வத்தீனி', தீன் மேல சத்தியமா எண்டு வாயால சொல்லிட்டு வாறன். மரத்த இண்டைக்குத்தான் கண்ணால கண்டன்." நான் சும்மா இருப்பேனா? "அத்திதானே காக்கா. எங்கட ஊரில அந்தப் பழத்தப் பிட்டா உள்ளுக்கு முழுக்கப் பூச்சி. ஆடும் யோசிச்சுத்தான் தின்னும்" என்றேன். "உங்கட ஊர் மரம் உங்களப் போலதான் இரிக்கும். இது அல்லாஹ் சத்தியம் பண்ணின மரம்" என்றார்.

குளிர் நாட்டில் அத்தி வளர்ப்பது ஒரு தனி வித்தை. வெயில் விழும் சுவரோரம் நட வேண்டும். குழியின் நாலு பக்கமும் கற்பலகை இறக்கி வேர் ஓடாமல் மறிக்க வேண்டும். இல்லாவிட்டால் இலைதான் வரும், காய் வராது என்று டோரின் படித்துப் படித்துச் சொன்னாள். "மரத்துக்கும் ஜெயிலா?" என்று சொல்லி இவர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. தென்னம்பிள்ளைக்கு வெட்டுவது மாதிரி ஒரு பெருங்குழி வெட்டி, எங்கோ ஒரு பண்ணையில் மாட்டெரு வாங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டினார். மரம் கூரைவரை போனது. இலைகள் சுளகளவு. காய் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அதைத் தோண்டியெடுத்து, வெட்டிக் குறுக்கி, டோரின் சொன்னபடியே கல்லுக்குள் அடைத்து நட்டார். அடுத்த கோடையில் காய்த்தது. பார்க்க என்னைக் கூட்டிப்போனவர், "தள்ளி நிண்டு பாருங்க தம்பி, உங்கட கண் பொல்லாத கண்" என்றார்.

குளிர் தொடங்கும்போது மரத்துக்கு வைக்கோல் வைத்து துணி சுற்ற வேண்டும். அதற்கென்றே அங்கே கடைகளில் வெள்ளைத் துணி விற்கிறார்கள். மீரா காக்கா அதை வாங்கவில்லை. ஊரிலிருந்து ராத்தா அனுப்பியிருந்த மருதமுனைச் சாரன்களில் பழையவற்றை எடுத்துச் சுற்றி, இடுப்பில் கட்டுவது போலவே ஒரு கட்டுப் போட்டார். கட்டம் போட்ட சாரனோடு சுவரோரம் ஒரு ஆள் நிற்கிறான் என்றுதான் தோன்றும். டோரின் தினமும் வேலியால் எட்டி, "உங்கள் பெரியவர் சுகமா?" என்று கேட்பாள். "காக்கா, ஒரு தொப்பியையும் வச்சு விடுங்க, ஜும்ஆவுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றேன் நான். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது மிகவும் குறைவு. அன்று சிரித்தார்.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நாட்டில் கோடை முடியும்போது அத்திமரத்தில் இரண்டு விதமாகக் காய் நிற்கும். ஒன்று, அந்தக் கோடையில் விளைந்த பெரிய பச்சைக் காய்கள். மற்றது, கொப்பு நுனியில் பயறளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குருக்காய்கள். பெரியவை இனிப் பழுக்காது. பனியில் கறுத்து, அழுகி, கொப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆகவே பெரியதையெல்லாம் கையால் பிடுங்கி எறிந்துவிட்டுச் சின்னதை மட்டும் விட வேண்டும். குளிரைத் தாங்கி அடுத்த கோடையில் பழமாவது அந்தச் சின்னதுதான். இதையும் டோரின்தான் சொன்னாள். மீரா காக்கா கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பிடுங்கவில்லை. காய்கள் கறுத்தன, பூஞ்சணம் பிடித்தன, நுனிகள் பட்டுப்போயின, குருக்காய்களும் அவற்றோடு போயின. அடுத்த வருடமும் அதே கதை. அதற்கடுத்த வருடமும் அதே கதை. "அடுத்த கோடையில பாப்பம் தம்பி" என்பார்.

எனக்கோ முன்கோபம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்ன விசர் வேலை காக்கா இது? அந்த மனிசி வருசா வருசம் தொண்ட கிழியக் கத்துது. ஒரு மணித்தியால வேலை. நான் பிடுங்கட்டா?" என்று கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பெரிசப் பிடுங்கிப் போட்டுட்டுக் கடைசிய வச்சிக்கோ எண்டு அல்லாஹ் ஒருக்கா எனக்குச் சொல்லிட்டான். அவன்ட நாட்டம், நான் ஒண்டும் கதைக்கல்ல. ஆனா அதையே என்ட கையால செய்யச் சொன்னா நான் செய்ய மாட்டன் தம்பி." அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி நான் அவரோடு வாதாடவில்லை.

ஆனால் பட்டுப்போனது மரத்தின் நுனி மட்டுமல்ல. சில்மியா வளர்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால், "றிபாஸ் இருந்தா இப்ப கெம்பஸ் முடிச்சிருப்பான்" என்பார். அவளுக்குப் பிறந்தநாள் வந்தால் றிஸ்னியின் வயதைச் சொல்வார். அவள் முதல் சம்பளத்தில் வாப்பாவுக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்து, தடவிப் பார்த்து, "மூத்தவன் இருந்தா அவன்தான் வாங்கித் தந்திருப்பான்" என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். பிள்ளை தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். பின்னால் போனேன். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. "மாமா, அண்டைக்கு நானும் வீட்டில நிண்டு மவுத்தாகியிருந்தா, வாப்பா என்னையும் இப்பிடி நினைச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள். கேத்தலை நிறுத்தினேன்.

மீரா காக்கா கெட்ட தகப்பன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் அவர் வேலைக்கு வரமாட்டார். ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இல்லாத இருவரையும் சேர்த்துத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். அவரையும் குறை சொல்ல முடியவில்லை, பிள்ளையையும் சமாதானப்படுத்த முடியவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே வாழ்ந்தேன், பிறகு ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். வரும்போது மரத்துக்குக் கட்டிய சாரன்களில் ஒன்றைத் தோய்த்து மடித்து என் பெட்டிக்குள் வைத்தார். "அங்க உடுக்கலாம் தம்பி, இன்னும் கிழியல்ல" என்றார்.

போன வருடம் அவருக்கு ஈரலில் வருத்தம் என்று தெரிந்தது. சில்மியாதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் வீடியோவில் அழைப்பு வந்தது. இங்கே மின்விசிறிக்குக் கீழே நான் வியர்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அவர் அந்தக் கம்பளிக் கோட்டோடு மரத்தடியில் நிற்கிறார், கையில் ஒரு பேசின். "தம்பி, பாத்துக்கிட்டிருங்க" என்றார். ஏன் அன்று என்று நான் கேட்கவில்லை. குசினியில் என்னிடம் கேட்ட அதே கேள்வியை அதற்கு முந்தின நாள் தன் வாப்பாவிடமே கேட்டுவிட்டாள் என்று சில்மியா பிறகு சொன்னாள்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். காம்பிலிருந்து பால் வடிந்து கையெல்லாம் வெள்ளையாகியது. பால் பட்டால் சொறியும் என்று மகள் சொன்னாள்; அவர் கேட்ட மாதிரியே இல்லை. ஆகப் பெரிய காயில் கை வைத்தபோது மட்டும் நின்றுவிட்டார். "இன்னும் ஒரு மாசம் வெயில் இருந்திருந்தா..." என்றார். பிறகு அதையும் பிடுங்கினார். மகளைக் கிட்டக் கூப்பிட்டு, கொப்பு நுனியில் இருந்த குருக்காயைக் காட்டி, "இது உனக்கு மகள். உனக்கு மட்டுந்தான்" என்றார். சில்மியா கைப்பேசியைத் தாழ்த்திவிட்டாள்; எனக்கு அதற்குப் பிறகு மண்ணும் சுவரும்தான் தெரிந்தன.

இந்த இடத்தில் முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. வெயில் வந்துவிட்டது என்று சாரனை அவிழ்த்த பிறகு கடைசியாக ஒரு பனி விழுந்தது. குருக்காய்களில் அநேகமானவை கருகிவிட்டன. தப்பியவற்றையும் குருவிகள் கொத்தின, அவர் மகளுக்குக் காட்டியதைத் தவிர. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் தினமும், "இரிக்கிதா மகள்?" என்று கேட்பாராம். "ஓம் வாப்பா, இரிக்கி" என்பாளாம். அவர் கண் மூடியபோது அது இன்னும் பச்சையாகத்தான் நின்றது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்தச் சாரன். அத்திப் பால் பட்டுக் கறுத்த புள்ளிகள் எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. உடுக்கவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. மற்றது அவருடைய வார்த்தைகூட அல்ல, போன கிழமை அவருடைய மகள் சொன்னது. ராத்தா, கடல் வந்த அன்றைக்கே அவர் மவுத்தாகிவிட்டார் என்று நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆனாலும் இதையும் கேளுங்கள்.

"மாமா, அது பழுத்திட்டு" என்றாள். வாடகை வீட்டை இந்த மாதத்தோடு விடுகிறாளாம். கல்லுக்குள் வேர் இறுகிக் கிடப்பதால் மரத்தைத் தோண்டிக்கொண்டு போகவும் முடியாதாம்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஓம்."

"எப்பிடி?"

"இனிப்பே இல்ல மாமா. சும்மா தண்ணி."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார்மீது என்று தெரியவில்லை. அந்த மரத்தின்மீது, அந்தக் குளிரின்மீது, கடலின்மீது. "பிறகு என்னத்துக்குத் தின்ற? துப்பி எறிய வேண்டியதுதானே?" என்று பிள்ளையை ஏசினேன்.

"எப்பிடி மாமா எறியிற?" என்றாள். "அது ஒண்டுதானே மிஞ்சின."