விபரீத பாஷாணம்

பூங்கா வாசல் பலகையில் ‘கல்லும் காலமும், வழிகாட்டியுடன் ஒரு நடை’ என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் சாக்கட்டியால் எழுதியிருந்தது. தமிழ் நடை கிடையாதா என்று அதிகாரியிடம் கேட்டேன். தமிழில் சொல்ல ஆள் இல்லை என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் சொல்கிறேன் என்றேன்.

மாத்தளையில் புடவைக் கடை வைத்திருப்பவள் நான். பொழுதுக்கும் சிங்களத்தில் பேரம் பேசுகிற வாய்க்குக் கல்லைப் பற்றி நாலு வார்த்தை வராதா? அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். அவர் சிங்களத்தில் விளக்குவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். கடைசியில் வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார். சரியான பதில் வந்தால் மாதாமாதம் தமிழ் நடை. வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

என் கடைக்குச் சேலை எடுக்க வருகிற எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடி வேனில் ஏற்றினேன்.

“கல்லப் பாக்கவா கூட்டிட்டுப் போற? தெனம் அது மேலதான நிக்கிறோம்?” என்றார் ஓர் அக்கா.

“அந்தக் கல்லுக்கு என்ன வயசுன்னு தெரியுமாக்கா?”

“அடி போடி, எனக்கே என் வயசு தெரியாது!”

வேன் முழுக்கச் சிரிப்பு.

பாறையில் வழிந்த ஊற்றில் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். அந்த அக்கா போத்தலிலும் பிடித்துக்கொண்டார். அதிகாரி வரிவரியாக இருந்த பாறையில் கை வைத்து, “மேவா விபரீத பாஷாண” என்றார். நானும் யோசிக்காமல், “இதெல்லாம் விபரீத பாஷாணமாம்” என்றேன்.

“ஐயோ மாரியாத்தா! இதுல வந்த தண்ணியத்தானே குடிச்சோம்!”

அக்கா போத்தலை அப்படியே கவிழ்த்தார். ஒருத்தி தொண்டைக்குள் விரலை விட்டாள். அதிகாரி திகைத்துப்போய், என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். சிங்களத்தில் பாஷாண என்றால் பாறை, விபரீத என்றால் உருமாறியது என்று அவர் நிதானமாக விளக்கினார். எனக்கு மானமே போய்விட்டது.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் அந்தப் பலகை அப்படியேதான் இருக்கும். போய் ஊற்றில் இரண்டு கை அள்ளி எல்லாரும் பார்க்கக் குடித்தேன்.

“வெசம் இல்ல, வெறும் பாறை! அவரு சொன்னது சரிதாங்க. நாந்தான் கூறு கெட்டவ.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டுத்தான் வாய் திறந்தேன். இந்தப் பாறை ஒரு காலத்தில் மணலும் சேறுமாகக் கிடந்தது. பூமிக்குள் ஆழத்தில் புதைந்து, சூட்டில் வெந்து, பாரத்தில் நசுங்கி வேறொன்றாக மாறியது. சொல்லிக்கொண்டே போனேன். அவர்களோ காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். யார் காதில் ஏறியது, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வாசலுக்குத் திரும்பியதும் அதிகாரி கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: “மத்த எடத்துல மீனு, எலையெல்லாம் கல்லுல பதிஞ்சு கெடக்குமே, அது ஏன் இந்தக் கல்லுல இல்ல?”

ஒருத்தி இன்னும் காலில் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. அப்போது போத்தலைக் கவிழ்த்த அக்கா முன்னால் வந்தார்.

“அதான் வெந்து நசுங்கி வேற ஆயிருச்சுல்ல? உளுந்து வடையப் பிச்சு,” கையால் பிய்த்தே காட்டினார், “உள்ள முழு உளுந்தத் தேடுனா கெடைக்குமா?”

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ் தெரியாத மனுஷன்தான். ஆனால் சிங்களத்திலும் உளுந்து வடை உளுந்து வடைதானே.

பலகையில் மூன்றாவது வரிக்கு இடம் காட்டி, சாக்கட்டியை என்னிடம் நீட்டினார். நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, ‘தமிழ்’ என்று எழுதினார்.