கொட்டை நீக்கிய ரம்புத்தான்

மலேசியாவில், எங்கள் ஈப்போ வீட்டில் மகள் ரம்புத்தான் பழத்தை உரித்ததும் எழுந்த வாசனையில், எழுபதுகளில் ரப்பர் தோட்டத்து லய வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார்.

பால்வெட்டு முடிந்து வந்ததும், ஒட்டுப்பால் வாடை போகும்வரை கை கழுவுவார். பிறகு இரண்டு வயதுத் தம்பியை உட்காரவைத்து, பழத்தைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கி ஊட்டுவார்.

"என்னண்ணே, பிள்ளைக்கு ஊட்டுறீங்களா, கோழிக்குஞ்சுக்கா?" என்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மாமா ஒருநாள் கேலி செய்தார்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி, முழுப் பழம் தொண்டையில் அடைத்து இறந்திருந்தாள். அப்பா அதைச் சொல்லவில்லை. மாமாவோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் தம்பி விழுங்கும்வரை அவன் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போது பேரனுக்கு நான் நறுக்கி ஊட்டுகிறேன்.

"மூஞ்சிய ஏம்மா இப்படி வச்சிருக்கீங்க? கொஞ்சம் சிரிங்கலா," என்கிறாள் மகள்.

"அவன் முழுங்கட்டும்லா, அப்புறம் சிரிக்கிறேன்."