இறக்கையில் ஒட்டிய அழுக்கு

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் நான் ஃபிட்டர். நெல் அவிக்கிற பாய்லரின் புகையை இழுத்துத் தள்ளும் பெரிய விசிறி ஒன்று என் மானத்தை வாங்கியது. திங்கட்கிழமை தவறாமல் ஆடும். பக்கத்தில் மேசையில் வைத்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து போய்க் கீழே விழும்.

ஒரு பக்கம் எடை கம்மி, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து இறக்கையில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றை வெல்டு வைத்தேன். ஆட்டம் நின்றது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஆடியது. மூடியைத் திறந்தால் துண்டைக் காணோம். வெல்டு விட்டுப்போய்ப் புகைபோக்கி வழியாகப் பறந்துவிட்டது என்று நினைத்தேன். இருபது வருஷமாக வெல்டு வைக்கிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

மறு வாரம் இரண்டு மடங்கு வெல்டு. அதுவும் போனது. வெல்டிங் ராடு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். முதலாளி தன் பங்குக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். விசிறி அசரவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா, சோத்துப் பருக்கையால ஒட்டின மாரி வுழுது? இன்னொரு வாட்டி ஆடுச்சுன்னா சேலத்துலேர்ந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேன். நீ வேற எடம் பாத்துக்கோ."

இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? துண்டே தெரியாத அளவுக்கு வெல்டை அப்பினேன்.

சனி, ஞாயிறு பாய்லர் ஓடாது. சனிக்கிழமை விசிறிக்குள் இறங்கிச் சாம்பல் சுரண்டுகிறவர் வெள்ளிமலைக்காரர், ஏறக்குறைய என் வயது. அன்று உடைந்த உளியோடு வந்து நின்றார்.

"வேற உளி குடுங்க. வாராவாரம் அழுக்கு கெட்டியாய்க்கினே போவுது."

"சாம்பலுக்கு இன்னாத்துக்குய்யா உளி?"

"சாம்பல் இல்லீங்க. ஒரு றெக்கையில மட்டும் இரும்பு மாரி புடிச்சிக்கினு கீது. ஒண்ணும் ஒட்டிக்கினு இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னேன்தான். போன வாரம் இந்த உளியை எடுத்துக் கொடுத்ததும் நானேதான். இறங்கிப் பார்த்தேன். துண்டு பாதி பெயர்ந்து நின்றது. என் வெல்டு இவ்வளவு உறுதியா என்று, வெட்கங்கெட்ட மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

முதலாளி வந்தார். "யாரு பேத்தது?"

"நான்தாங்க" என்று அவர் தலைகுனிந்து நின்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான், "நான் சொல்லித்தாங்க செஞ்சாரு" என்றேன். இடையில் சும்மா நின்ற அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சொன்னத சொன்ன மாரி செய்யிற ஆளு இந்த மில்லுல இவரு ஒருத்தருதான். இனிமே றெக்கையில நீ இன்னா வச்சாலும் இவரக் கேட்டுட்டு வையி."

புதுத் துண்டை வெல்டு வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், "இருக்கட்டுங்க" என்றார். விசிறி அதற்கப்புறம் ஆடவில்லை. என் வேலை அவர் உத்தரவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.