மெக் செனாவின் வயிறு காட்டிக்கொடுத்தது

தானா மேரா சந்தையில் நாசி கெராபு என்னும் நீலச்சோறு விற்கும் செனாவை ஊரே மரியாதையாக ‘மெக்’ என்று கூப்பிடும். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. எந்த மருமகன் மாமியாருக்குப் பயந்து மீன் வாங்குகிறான் என்பதெல்லாம் சோற்றுப் பொட்டலத்தோடு சேர்ந்தே வரும். அப்படிப்பட்டவள் மீன்கடை ஓரத் தண்ணீரில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பையும் உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

கிளம்பும்போது டாக்டர் தெளிவாகவே சொன்னார். கால் அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் விரலை ஆட்ட வேண்டும், ஊன்றுகோலோடு எழுந்து நடக்க வேண்டும், தினமும் வயிற்றில் ஓர் ஊசி. போடக் கற்றுக்கொண்டவர் புருஷன் டோலா. ரப்பர் மரம் சீவிய கை, சீக்கிரமே பழகிவிட்டது.

நலம் விசாரிக்க வந்த சந்தைக்காரி லீமாதான் ஆரம்பித்தாள்.

“மெக், அந்த மருந்த எதுலேருந்து எடுக்கிறாங்கன்னு தெரியுமா? பன்னிக் குடல்லேருந்து. மருந்துக்கடையில இருக்கிற என் மருமகன் சொன்னான்.”

லீமா சொல்வதில் பாதி பொய். அன்று பார்த்து உண்மையான மீதிப் பாதி வந்துவிட்டது.

சாயங்காலம் டோலா ஊசியோடு வந்தபோது செனா சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அபாங், கிட்ட வராதீங்க,” என்றாள் புருஷனிடம்.

“இமாமைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். உயிரக் காப்பாத்த வேற வழி இல்லேன்னா பாவமில்லன்னு சொல்லிட்டாரு.”

“அவரு வயித்துலயா குத்தப் போறீங்க? அவரு நல்லாத்தான் சொல்வாரு.”

டோலா ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். முப்பது வருஷமாகப் பேசி ஜெயித்ததில்லை, அன்றைக்கா ஜெயிக்கப் போகிறார்? ஊசிகள் பெட்டியிலேயே கிடந்தன. செனா கட்டிலிலேயே கிடந்தாள். வருகிறவர்கள் எல்லாம் ‘எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே’ என்று பழம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஆடுசதை கல் மாதிரி இறுகிச் சூடேறியது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க்கதை பேசுகிறவளுக்குத் தன் கதை பேசப் பயம்.

தையல் பிரிக்கப் போன நாளில் நர்ஸ் சுராய்னி கேட்டாள்.

“ஊசி தெனமும் போடுறீங்களா மெக்?”

“போடாம?”

அந்தப் பெண் முகத்துக்கு நேராக ‘நீ கொடுத்தது பன்னி’ என்று எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டாள். சுராய்னியும் சிரித்துக்கொண்டே சட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

“ஊசி போட்ட வயித்துல அங்கங்க நீலம் பூத்திருக்கும். இது கழுவி வெச்ச தட்டு மாதிரில்ல இருக்கு.”

டோலா கூரையைப் பார்த்தார். செனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், ஆடுசதைச் சூடு உட்பட.

சுராய்னி திட்டவில்லை. “இத அன்னைக்கே கேட்டிருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்களே மெக். பன்னி சேராத மாத்திரை இருக்கு. நானே முதல்ல சொல்லியிருக்கணும்.”

அதற்குள் டாக்டர் அவளைக் கால் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். இருட்டறையில் குளிர்ந்த பசையைத் தடவி, தொடையிலிருந்து கீழே அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். டோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

கட்டி இல்லை. உடைந்த காலின் வீக்கம்தான்.

“இந்தத் தடவ தப்பிச்சீங்க,” என்றார் டாக்டர். “படுத்தே இருந்தா அடுத்த தடவைக்கு நான் பொறுப்பில்ல.”

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலில் வாசல்வரை போனாள். பின்னாலேயே டோலா நாற்காலியோடு நடந்தார். எதிரே லீமா.

“ஐயோ மெக், படுங்க.”

“படுத்தது போதும்டி. இனிமே சேதி சொன்னா முழுசாச் சொல்லு. ஊசி வேணாம்னா மாத்திரை இருக்கு, டாக்டரக் கேளுங்கன்னு சேத்துச் சொல்லு.”

மறுநாள் மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க அந்தச் சேதி போய்விட்டது. லீமாவுக்கு மருந்துக்கடை மருமகனே மாத்திரையைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை. செனா அதை மறுக்கப் போகவில்லை. கட்டிலைச் சுற்றி இன்னொரு நடை போட்டுக்கொண்டிருந்தாள்.