பாலு விரிக்கும் பேப்பர்

வண்டி வந்து நின்றதும் பாலு முதலில் தொடுவது இன்ஜினைத்தான். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் புறங்கையை வைப்பார். சூடு இருந்தால் ஸ்பானரைத் தொடவே மாட்டார். "சூடா கீற இன்ஜின் பொய் பேசும் சார். ஆறட்டும்." குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் பட்டறை. எதிர்ச் சந்தில் டீக்கடை சக்கைபோடு போடுவதற்கு அவருடைய இந்த வழக்கம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

வயது ஐம்பது இருக்கும். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கோத்த கேஜ் இருக்கும். மேசைக்கு அடியில் பழைய பேப்பர் கட்டு. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால் அதை அவர் வாயால் சொல்வதில்லை. கழற்றுவதை வரிசையாக வைக்க ஒரு பேப்பரை எடுத்துத் தரையில் விரிப்பார், அவ்வளவுதான். அதனால் வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பேப்பர் கட்டைத்தான் பார்ப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன்தான்.

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தபோது கோகிலவாணி என்ற பெண் ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரகடம் தொழிற்சாலையில் புது வேலை. திங்கள் முதல் காலை ஆறு மணி ஷிப்ட், அந்த நேரத்துக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. முதல் வாரமே தாமதமானால் வேலை போய்விடும். மூன்று வாரத்துக்கு முன்தான் பள்ளிக்கரணையில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறாள். "அவ்ளோ சைலண்ட்டா இருந்துச்சுண்ணா, அதைப் பார்த்துதான் எடுத்தேன்." இப்போது சூடேறினால் நின்றுவிடுகிறது. வால்வு போய்விட்டது, ஒரு வாரமாகும் என்று வேறொரு மெக்கானிக் சொல்லிவிட்டாராம்.

'சைலண்ட்' என்றதும் பாலு முகம் சுளித்தார். வழக்கம்போல் இரண்டு மணி நேரம் ஆறவிட்டார். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திக்கொண்டே சைலன்சர் வாயில் காதை வைத்தார். முறைத்துக்கொண்டு நிற்க வேண்டிய கிக்கர் தொளதொளவென்று இறங்கியது. 'உஸ்' என்று காற்றுக் கசிவது எனக்கே கேட்டது. பாலு பேப்பரை எடுத்து விரித்தார். கோகிலவாணி அந்தப் பேப்பரையே பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் அவர் முழுவதும் பிரிக்கவில்லை. மேலிருந்த சின்ன மூடியை மட்டும் கழற்றி வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியில் கேஜை விட்டுப் பார்த்தார். இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

"விக்கசொல்ல சத்தம் வரக் கூடாதுன்னு எவனோ டைட்டு பண்ணிக்கீறான்மா. வால்வு முழுசா மூடவே இல்ல. காத்து எப்டி நிக்கும்?"

"அப்ப வால்வு நல்லா இருக்காண்ணா?"

"மூணு வாரம் இப்டியே ஓட்டிக்கினு கீற. எரிஞ்சிருந்தா பிரிச்சித்தான் ஆவணும். இரு, பாக்கலாம்."

டேப்பட்டைத் தளர்த்தி, தகடு சரியாக நுழைந்து வரும்படி வைத்தார். மறுபடி சைலன்சரில் காது. அந்த நேரம் பார்த்து மின்சார ரயில் தடதடத்தது. கையை உயர்த்தி, அது போகும்வரை அப்படியே குந்தியிருந்தார். பிறகு அழுத்தினார். கிக்கர் பாதியில் நின்றுவிட்டது. உடம்பின் கனத்தை எல்லாம் போட்டும் இறங்கவில்லை. 'உஸ்' இல்லை.

ஸ்டார்ட் செய்தபோது லேசாக 'டிக் டிக்' கேட்டது.

"சத்தம் வருதேண்ணா!"

"வரணும்மா. அப்பதான் அது மூச்சு வுடுதுன்னு அர்த்தம். தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வா. எங்கியும் நிறுத்தாத."

அரைமணி நேரம் கழித்து வந்தாள். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு உடனே மறுபடி உதைக்கச் சொன்னார். ஒரே உதை, பிடித்துக்கொண்டது. 'டிக் டிக்'கும் குறையவில்லை. கோகிலவாணி என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

பாலு குனிந்து, தரையில் கிடந்த பேப்பரைத் தூசி தட்டி, நான்காக மடித்து, கட்டின்மேல் திரும்ப வைத்தார்.