மழையைப் போட்டவன்

விட்டோ லமான்னாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சார், ஹோவர்ட் பிரின் நிஜத்துல எப்படிப்பட்டவரு?"

விட்டோ ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டி, "தங்கமான மனுஷன்" என்பான். ஆள் நகர்ந்ததும் என் பக்கம் திரும்புவான். "தங்கமாம் தங்கம். கடைவாய்ப் பல்லு ஒண்ணுதான் அவன்கிட்ட தங்கம்."

காமிக்ஸ் மாநாடுகளில் அவன் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் பெயர் தெல்மா. ஹோவர்ட் பென்சில் போடுகிறவர், விட்டோ அதன் மேல் மை போடுகிறவன், நான் கடைசியில் வண்ணம் போடுகிறவள். மூன்று பேரும் நியூயார்க்கில் ஒரே கம்பெனிக்கு உழைத்தோம். படித்தவர்களின் நினைவில் தங்கியது முதல் ஆள் மட்டும்தான். விட்டோவிடம் ஹோவர்டைப் பற்றிக் கேட்கவாவது எவனாவது வருவான். என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

எங்கள் தொழிலில் பக்கம் கைமாறிக் கைமாறித்தான் உயிர் பெறும். அந்தக் காலத்தில் ஹோவர்ட் தலைக்கு மேல் வேலையை ஒப்புக்கொள்வார். முழுப் படம் போட அவருக்கு நேரம் ஏது? ஆட்களுக்கு வெளிக்கோடு மட்டும் இழுப்பார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மழை பெய்கிறதென்றால் கட்டத்தின் ஓரத்தில் 'மழை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மிச்சமெல்லாம் மை போடுகிறவன் தலையில். அது தப்பென்றும் சொல்ல முடியாது, அப்படித்தான் எல்லோரும் வேலை செய்தார்கள்.

எங்கள் கம்பெனியின் காமிக்ஸ் நாயகன் பாலத்துக்காரன். அவன் கதைகளில் இன்றைக்கும் தூக்கி வைத்துக் கொண்டாடப்படும் 'வெள்ளம் வந்த வாரம்' இப்படி வந்ததுதான். கூட்டாளி ஆற்றோடு போய்விட, அவனுடைய மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்துக்காரன் கொட்டும் மழையில் நிற்பான். வசனமே கிடையாது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டாத காமிக்ஸ் கடை இந்த ஊரில் இல்லை.

அந்த மழையை விட்டோ நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்டான். ஜன்னலுக்கு வெளியே தூண்கள் மேல் ரயில் ஓடும், ஒவ்வொரு ரயிலுக்கும் மேசை ஆடும், அது போகிறவரை தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். கிட்டத்து மழைக்குத் தூரிகை. தூரத்து மழைக்கு, காய்ந்த மையைச் சவர பிளேடால் சுரண்டி எடுத்த வெள்ளைக் கோடு. பாலத்தில் விழுந்து தெறிக்கும் சாரலுக்கு, வெள்ளை மையில் தோய்த்த பல் துலக்கும் பிரஷ்ஷைக் கட்டை விரலால் உதறினான். அது அவன் பெண்டாட்டி ஆஞ்சியுடைய பிரஷ். "நான் பல்லு விளக்கறதா, நீ மழை பெய்ய வைக்கறதா?" என்று அவள் போட்ட சத்தம் ரயில் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாகச் சொல்வான்.

அவனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை, யாராவது ஒலிவாங்கியை நீட்டி அந்த மழையைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டும் என்பது. பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தான். உணவகத்தில் முட்டையும் ரொட்டியும் வருவதற்குள் என்னை வைத்து ஒத்திகை பார்ப்பான்.

"கேளு தெல்மா. பேட்டி எடுக்கறவ மாதிரி கேளு."

"சார், இந்த மழையை எப்படி சார் போட்டீங்க?"

"நல்ல கேள்வி. மழைன்னா தண்ணி இல்லம்மா. மழைன்னா தூரம். கிட்ட பெய்யறதுக்கு ஒரு கோடு, எட்டப் பெய்யறதுக்கு வேற கோடு."

"யோவ், காபி ஆறுது, குடி."

பதிலுக்கு நான் என் ஊர்க் கதையை எடுத்து விடுவேன். அமெரிக்காவின் நடுவில் இருக்கும் நெப்ராஸ்காவில் பிறந்தவள் நான். சூறாவளி, அதற்கு முந்தைய வானம், ஓடி ஒளிகிற பாதாள அறை, அப்பா எங்களைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது. அவன் ரொட்டியை மென்றுகொண்டே கேட்பான். கேட்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஒலிவாங்கி கடைசியில் வந்தது, ஆனால் ஹோவர்டின் முன்னால். நியூயார்க் மாநாட்டில் மிட்சல் என்ற ஒஹையோக்காரர் மேடை நிகழ்ச்சி நடத்தினார். பள்ளி ஆசிரியர். காமிக்ஸ் படைப்பாளிகளைத் தேடிப்பிடித்துப் பேசி, அதை இணையத்தில் பாட்காஸ்ட்டாகப் போடுகிறவர், நல்ல மனிதர். மேடை நடுவில் ஹோவர்ட். மேசையின் கோடியில், மரியாதைக்கு, விட்டோவும் நானும்.

"சார், அந்த மழை..." என்று மிட்சல் ஆரம்பித்ததும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஹோவர்ட் கண்ணை மூடிக்கொண்டார். "மழைன்னா தண்ணி இல்ல தம்பி. மழைன்னா தூரம்."

பக்கங்களை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு, வாய் கொள்ளாத பெருமையில் விட்டோவே அவரிடம் சொன்ன வார்த்தை அது. கிட்டத்துக் கோடு, எட்டத்துக் கோடு, ஒன்று விடாமல் சொன்னார் ஹோவர்ட். பிளேடைக்கூட விடவில்லை. கைதட்டல் ஓயவே இல்லை.

வெளியே வந்து விட்டோவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, வாயில கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே!"

"என்னன்னு சொல்ல? அத்தனை பேரு எழுந்து நின்னு தட்டறான். நடுவுல நான் எழுந்து 'ஐயா, அது நான்'ங்கறதா? கிறுக்கன்னுதான் நினைப்பான்." அன்று முழுவதும் அவன் எதுவும் சாப்பிடவில்லை. ரயிலில் வீடு திரும்பும்போது, "திருட்டுப் பய" என்று மட்டும் சொன்னான், அதையும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் ஹோவர்ட் போய்ச் சேர்ந்தார். பத்திரிகைகளெல்லாம் மழையை வரைந்தவர் மறைந்தார் என்று எழுதின. எனக்குப் பொறுக்கவில்லை, மிட்சலைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவருக்குப் பேச வாய்ப்பே தராமல் பொரிந்து தள்ளினேன். "அந்த மழையைப் போட்ட ஆளு குயின்ஸ்ல இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கான். அவனும் போனப்புறம் கல்லறையில மைக்கை நீட்டுவீங்களா?"

மனிதர் நிஜமாகவே கிளம்பி வந்தார். விட்டோ ஆஞ்சியின் சாவுக்குப் போட்ட சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தான். மழை போட்ட அதே சமையலறை மேசையில் ஒலிவாங்கி.

"ஹோவர்ட் சார் மேடையில சொன்னது..." என்று மிட்சல் இழுத்தார்.

"அவரு 'மழை'ன்னு எழுதினாரு. நான் மழையைப் போட்டேன்" என்றான் விட்டோ. ஒரு அட்டையை எடுத்து வைத்து, மையைத் தடவி, காயவிட்டு, பிளேடை எடுத்தான். சுரண்டச் சுரண்ட மழை வந்தது, அதே மழை. மிட்சல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான்.

"சார், என்னை மன்னிச்சிருங்க. இத்தனை வருஷமா தப்பான ஆளைக் கேட்டிருக்கேன்" என்றார் மிட்சல். விட்டோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நல்ல கேள்வி கேளுங்க, சொல்றேன்" என்றான்.

மிட்சல் கையோடு கொண்டுவந்த 'வெள்ளம் வந்த வாரம்' புத்தகத்தைத் திருப்பி அதே பாலத்துப் பக்கத்தைக் காட்டினார். "மழைக்குப் பின்னால இந்த வானம் சார். இப்படி ஒரு மஞ்சள், பச்சை கலந்த மஞ்சள். யாருக்கு சார் தோணும்?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த வானம் என்னுடையது. விட்டோவின் பக்கம் நகலெடுக்கப்பட்டு என்னிடம் வந்தபோது எல்லோரும் நீலம் அடி, சாம்பல் அடி என்றார்கள். நான் நெப்ராஸ்காவின் சூறாவளி வானத்தை அடித்தேன். அச்சில் பார்த்த விட்டோ என்னைக் கூப்பிட்டு, "மூத்திரக் கலரை ஊத்தி என் மழையைக் கெடுத்துட்டியேடி!" என்று கத்தினான். ஒரு மாதம் பேசவில்லை. இன்றைக்கு ஒரு மனிதர் அதைக் கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

"அது நான் சொன்னது" என்றான் விட்டோ. "தெல்மாவுக்கு முதல்ல புரியல. நீலம் அடிக்கப் பார்த்தா. நெப்ராஸ்கா பக்கம் சூறாவளிக்கு முன்னாடி வானம் இப்படித்தான் இருக்கும், என்னை நம்பி அடின்னேன்."

மிட்சல் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

விட்டோ கொஞ்சமும் பயமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வானம் பொய் என்று நான் சொன்னால் மிட்சல் மழையையும் சந்தேகப்படுவார். கிழவன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒரு மணி நேரம் குப்பைக்குப் போகும். அவனுக்காகத்தான் இந்த ஆளை இங்கே வரவழைத்தேன்.

"ஆமாம்" என்றேன்.

மிட்சல் போனதும் நான் வெடித்தேன். "யோவ், மூத்திரக் கலர்னு சொன்னது யாருய்யா?"

"யாரு?"

"நீதான்யா! ஆத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குப் போனாலே உனக்கு வயித்தைக் கலக்கும். நெப்ராஸ்காவுக்கு நீ எப்பப் போன?"

அவன் யோசித்தான். நடிக்கவில்லை, அவன் நடிப்பு எனக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே தேடினான். "போகலையா நான்? ஆனா அந்த வானம் எனக்கு ஞாபகமிருக்கே தெல்மா. பாதாள அறைக் கதவு... யாரோ கழுத்தைப் பிடிச்சுத் தள்ளறாங்க..."

அப்போதுதான் மேடையில் ஹோவர்ட் கண்ணை மூடிக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்தது. அந்த ஆளும் மூடிய கண்ணுக்குள் பிளேடைத் தன் கையில் பார்த்துத்தான் பேசியிருப்பார். சாகிறவரை அவரைத் திருடன் என்று திட்டினோம். இப்போது யாரைத் திட்டுவது?

நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். "பேட்டி வந்ததும் இங்க வா, சேர்ந்து கேப்போம்" என்றான் விட்டோ, மை படிந்த கையைத் துடைத்தபடி. அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததேயில்லை.

பேட்டி வந்தபோது நான் என் வீட்டில் தனியாகக் கேட்டேன். மழை வந்தது, பிளேடு சுரண்டுகிற சத்தம்கூட வந்தது. நெப்ராஸ்கா வந்தது. நான் சொன்ன "ஆமாம்" வரவில்லை. நீளம் கருதி வெட்டிவிட்டிருந்தார்கள்.