ஜேடர்பாளையம் பஸ்ஸில் ஒரு விசாரணை

எனக்கு ஏழாம் மாதம். இடுப்பெலும்பு வலிக்கு பிசியோதெரபிஸ்ட் இன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். ஒரே படியில் இரண்டு காலையும் சேர்த்த பிறகே அடுத்த படி ஏற வேண்டும். குந்தி உட்காரவே கூடாது.

திரும்பும்போது ஜேடர்பாளையம் பஸ்ஸில் அப்படித்தான் ஏறினேன். பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை.

"ஏஞ்சாமி இப்புடி ஏறற?"

சொன்னேன்.

"குந்தக் கூடாதுன்னாங்களா? குந்தி உக்காந்து ஊடு தொடச்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும். நீ யாரூட்டு மருமவ?"

அதையும் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவர் சிரித்தார். போனை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, உங்க மருமவ எம்பக்கத்துலதான் உக்காந்திருக்குதுங்க."

அதற்குப் பிறகு குரல் தணிந்துவிட்டது.

வீட்டில் மாமியார் எதுவும் கேட்கவில்லை. சிரித்த முகமாகக் காபி கொடுத்தார்.

நீளக் குச்சி வைத்த மாப்பைக் காணோம். கூடத்தின் நடுவில் ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் புதிதாகக் கிழித்த துணி, நான்காக மடித்து.

மாப் எங்கே இருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் என்று மட்டும் வேண்டாம். நான் குந்திப் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்திருப்பார்.